வீட்டில் செதுக்கிய கயாக் துடுப்பில் கோளாறா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

இது கிரீன்லாந்து இனுயிட் மக்களின் பாணியில், ஒரே பலகையிலிருந்து செதுக்கி எடுக்கும் ஒல்லியான இரட்டை முனைத் துடுப்பைப் பற்றியது. செய்முறை விளக்கங்கள் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் செதுக்கி முடித்துத் தண்ணீரில் இறக்கியதும் அது படபடவென்று அடித்துக்கொண்டால் எங்கே கை வைப்பது என்று சொல்ல ஆள் இல்லை. நண்பர்களின் துடுப்புகளையும் என் துடுப்புகளையும் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில், கோளாறுகள் சுற்றிச் சுற்றி அதே சில இடங்களில்தான் வருகின்றன என்று தெரிந்தது. அதனால் அறிகுறியை வைத்தே பிரித்து எழுதுகிறேன், உங்களுக்கு வேண்டிய தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் பிடிக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள், அப்புறம் அளந்து பாருங்கள், கடைசியாகத்தான் இழைப்புளியைக் கையில் எடுங்கள். சீவி எடுத்த மரம் திரும்ப வராது. என்னிடம் வருகிற துடுப்புகளில் நல்ல துடுப்பையே அவசரப்பட்டுச் சீவிக் கெடுத்தவைதான் அதிக வருத்தம் தருகின்றன.

பெயர்களையும் அளவுகளையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் இறங்கும் தட்டைப் பகுதி அலகு, கை பிடிக்கும் நடுப்பகுதி நடுப்பிடி, இரண்டும் சேரும் இடம் தோள். மொத்த நீளம், இரு கைகளையும் விரித்த அகலத்தோடு முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள அளவைக் கூட்டினால் வருவது. நடுப்பிடி உங்கள் தோளகலத்துக்கு, பெரும்பாலானவர்களுக்கு 45 முதல் 55 செ.மீ. வரும். அதன் குறுக்குவெட்டு சுமார் 38க்கு 28 மி.மீ. அளவில் முட்டை வடிவம். அலகு மிக அகலமான இடத்தில் 8 முதல் 9 செ.மீ., அதாவது உங்கள் கை அதன் இரு விளிம்புகளையும் வளைத்துப் பிடிக்க முடிய வேண்டும். உங்கள் துடுப்பு இதற்கு ரொம்பத் தள்ளி இருந்தால் கீழே உள்ள பாதிக் கோளாறுகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அறிகுறி: செதுக்கும்போதே மரம் பிய்ந்து சிலாம்பு எழுகிறது

*முதலில் பார்க்க வேண்டியது திசை.* அகலமான இடத்திலிருந்து ஒல்லியான இடத்தை நோக்கித்தான் சீவ வேண்டும், அலகிலிருந்து நடுப்பிடிக்கு இறங்குவதுபோல. ஒரு பக்கம் சுருள் சுருளாக வந்து மறுபக்கம் பிய்ந்தால், கருவியைத் திருப்பி எதிர்த்திசையிலிருந்து ஒரு தடவை மெல்லச் சீவிப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

*அடுத்தது கூர்மை.* சிடார் மாதிரி மென்மரத்துக்கு மழுங்கிய கருவி போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிலைமை நேர்மாறு, மென்மரம் மழுங்கல் முனையில் வெட்டுப்படாமல் நசுங்கும். தீட்டிவிட்டு, இழைப்புளியின் அலகைக் காகிதத் தடிமன் சீவும் அளவுக்கு உள்ளிழுத்துக்கொள்ளுங்கள்.

*கணு இருக்கும் இடமா?* கணுவைச் சுற்றி ரேகை திரும்பும், அங்கே இழைப்புளி வேலைக்கு ஆகாது. அரத்தாலும் உப்புத்தாளாலும் பொறுமையாகத் தேயுங்கள்.

*இதெல்லாம் செய்தும் எந்தத் திசையில் சீவினாலும் பிய்கிறது என்றால்* பலகையின் நார் ஓட்டமே சாய்வாக இருக்கலாம். அதே பலகையின் கழிவுத் துண்டு ஒன்றை உளி வைத்துப் பிளந்து பாருங்கள், பிளவு போகும் வழிதான் நாரின் உண்மையான வழி. ஒரு அடி நீளத்துக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் அது பக்கவாட்டில் விலகினால் அந்தப் பலகையில் துடுப்பு வேண்டாம். மனது வராது, தெரியும். ஆனால் அந்தத் துடுப்பு உடையப்போகும் இடம் நடுத்தண்ணீர்.

ஒரு எச்சரிக்கை: மேற்கத்திய சிவப்பு சிடாரின் தூளில் உள்ள ப்ளிகாடிக் அமிலம் சிலருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். உப்புத்தாள் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். தேய்த்த அன்று இரவு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அந்த மரத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், பழகிப்போகும் என்று விட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: நூல் பிடித்தால் நேராக இல்லை

இதில் இரண்டு வகை, வளைவும் முறுக்கும். பிரித்துப் பார்க்க, துடுப்பின் இரண்டு அலகுகளின் மேலும் ஒவ்வொரு நேரான குச்சியைக் குறுக்கே வைத்து, ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு குச்சிகளும் இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒன்று சாய்ந்து தெரிந்தால் முறுக்கு.

*பலகை இன்னும் சதுரமாக இருக்கும்போதே வந்த வளைவு* என்றால் காரணம் அநேகமாக ஈரம் அல்லது ஒரே பக்கத்தில் நிறைய மரம் எடுத்தது. ஒரு முகத்தை முழுசாக முடித்துவிட்டு அப்புறம் மறுமுகம் என்று போகாதீர்கள். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி எடுங்கள், மரத்துக்குள் இருக்கும் இறுக்கம் இரு பக்கமும் சமமாக விடுபடும். வளைந்துவிட்டால் வேலையைச் சில நாள் நிறுத்தி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் கிடைமட்டமாக வையுங்கள். வளைவு நின்றதும் பழைய நடுக்கோட்டை அழித்துவிட்டு நூல் பிடித்துப் புதுக் கோடு போட்டு, மிச்சமிருக்கும் கூடுதல் மரத்துக்குள்ளேயே நேரான துடுப்பைத் தேடுங்கள். வரைந்த கோடு போயிற்றே என்று பழைய கோட்டையே பிடித்துக்கொண்டு போனால் கோணல் துடுப்புதான் வரும்.

*முடித்து எண்ணெய் பூசிய துடுப்பு வளைந்தது* என்றால் வைத்திருந்த விதத்தைப் பாருங்கள். மாதக்கணக்கில் சுவரில் சாய்த்து வைத்ததா? இனி இரண்டு இடத்தில் தாங்கல் கொடுத்துப் படுக்க வையுங்கள், அல்லது முனையைக் கட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். அலகின் தட்டை முகம் பக்கமாக 1 செ.மீ. வரை வளைந்திருப்பது துடுப்புப் போடும்போது தெரியவே தெரியாது, விட்டுவிடுங்கள். ஆவி காட்டி நிமிர்த்திய துடுப்புகள் கொஞ்ச நாளில் பழையபடி வளைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு உழைப்பைக் கொட்ட வேண்டாம்.

*முறுக்கு* லேசாக இருந்தால் அலகின் முகங்களில் எதிரெதிர் மூலைகளைச் சீவி ஓரளவு எடுக்கலாம், விளிம்பில் மரம் மிச்சமிருக்கும்வரை மட்டும். பார்த்தவுடனேயே கண்ணில் படுகிற முறுக்கு என்றால், பலகைக் கட்டத்தில் இருக்கும்போதே இழைப்பு இயந்திரம் வைத்திருக்கும் தச்சரிடம் கொடுத்து நான்கு முகங்களையும் நேராக்கிக்கொள்ளுங்கள். அலகு செதுக்கிய பிறகு அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அறிகுறி: தண்ணீருக்குள் அலகு படபடவென்று அடித்துக்கொள்கிறது

அதிகம் கேட்கப்படும் கோளாறு இதுதான், அதிகமாகத் தவறான இடத்தில் சீவப்படுவதும் இதற்காகத்தான்.

இழைப்புளியைத் தேடும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். எந்தக் கைப்பக்கம் படபடப்பு வருகிறது என்று கவனித்துக்கொண்டு, இரண்டு அலகுகளில் ஒன்றில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். அப்புறம் துடுப்பைத் தலைகீழாக மாற்றி, வலது பக்கம் இருந்த அலகு இடது பக்கம் வருவதுபோலப் பிடித்து அதே வேகத்தில் போடுங்கள்.

*படபடப்பு அதே கைப்பக்கமே தொடர்கிறது, அலகோடு போகவில்லை.* அப்படியானால் மரத்தில் குறையில்லை, பிடியில் இருக்கிறது. இந்த வகைத் துடுப்பை அலகு செங்குத்தாக நிற்கப் பிடித்து இழுக்கக் கூடாது, மேல் விளிம்பு முன்னோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுப்பிடியைச் சுற்றிப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் அலகின் தொடக்கத்தில் படிந்திருந்தால் இந்தச் சாய்வு தானாகவே கைக்குத் தெரியும். அகலமான நவீன துடுப்பில் பழகியவர்கள் முழுக்கையாலும் இறுக்கிப் பிடித்து, ஆரம்பத்திலேயே பலமாக இழுப்பார்கள், ஒல்லியான அலகு அதை ஏற்காது. அலகு முழுசாகத் தண்ணீரில் மூழ்கிய பிறகு மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள்.

*படபடப்பு அலகோடு சேர்ந்து மறுபக்கம் போய்விட்டது.* இப்போது அளக்க வேண்டிய நேரம்.

முதலில் நடுக்கோடு. அலகை விளிம்புப் பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் விளிம்பு, தடிமனின் சரிபாதியில் ஓட வேண்டும். ஒரு முகத்தை அதிகமாகவும் மறுமுகத்தைக் குறைவாகவும் சீவியிருந்தால் விளிம்பு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், தண்ணீர் ஒரு முகத்தில் ஒரு மாதிரியும் மறுமுகத்தில் வேறு மாதிரியும் ஓடும். விரல்களால் இரு முகங்களையும் ஒரே நேரத்தில் கிள்ளுவதுபோலப் பிடித்துத் தோளிலிருந்து நுனிவரை நகர்த்துங்கள், கண் ஏமாந்தாலும் விரல் ஏமாறாது.

அப்புறம் அட்டை வார்ப்பு. நல்ல அலகின் நடுவிலும், நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளேயும் அதன் முக வளைவுக்குத் தகுந்தபடி கெட்டி அட்டையை வெட்டி, கோளாறான அலகின் நான்கு முகப் பாதிகளிலும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். எங்கே அட்டை தூக்கி நிற்கிறதோ அங்கே மேடு, பென்சிலால் தீட்டிவையுங்கள். தீட்டிய இடத்தை மட்டும் சீவுங்கள். இரண்டு மூன்று மெல்லிய சீவல், திரும்பவும் தண்ணீர். இப்படித்தான் போக வேண்டும், ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் அலகு மெலிந்து போகும்.

*இரண்டு அலகுமே எப்படிப் பிடித்தாலும் படபடக்கின்றன.* இதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒன்று, தோள் திடீரென்று படிக்கட்டு மாதிரி இறங்குவது, இறக்கத்தை அலகுக்குள் ஒரு கையகலம் நீட்டி வழவழப்பாக்கினால் தணியும். இரண்டு, விளிம்பு தடித்து மழுங்கலாக இருப்பது. மென்மரத்தில் 3 முதல் 4 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கும் கீழே போனால் கல்லில் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும்.

இவ்வளவும் பார்த்து அலகின் நடுத்தடிமன் குறைந்துகொண்டே போகிறது, படபடப்பு போகவில்லை என்றால் நிறுத்துங்கள். இதே பாணித் துடுப்பைச் செய்யும் அனுபவமுள்ள ஒருவரிடம் தண்ணீரில் போட்டுக் காட்டுங்கள். படகு ஓட்டத் தெரியாத தச்சரிடம் போவதில் பயனில்லை, கோளாறு தண்ணீரில்தான் தெரியும்.

அறிகுறி: ஒவ்வொரு இழுப்பிலும் காற்றை உறிஞ்சி களகளவென்று சத்தம்

பத்தில் ஒன்பது முறை என்று சொல்லத் தோன்றுகிற அளவுக்கு இது பிடியின் பிரச்சினை. மேலே சொன்ன முன்சாய்வு இல்லாவிட்டால் அலகின் பின்னால் காற்று இறங்கும். சாய்வைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள், ஒரு கோணத்தில் சத்தம் சட்டென்று அடங்கும். அடங்காவிட்டால் அலகை இன்னும் முழுசாக அமிழ்த்துங்கள், இழுப்பை முன்னதாகவே முடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் விளிம்பின் தடிமனையும் நுனியின் வட்டத்தையும் பாருங்கள். உப்புத்தாளே போதும்.

அறிகுறி: கனமாக இருக்கிறது, அல்லது ஒரு முனை தாழ்கிறது

நீளத்தின் சரியான நடுவில் ஒரு விரலில் நிறுத்துங்கள். மெல்லச் சாய்ந்தால் கவலையே வேண்டாம், மரத்தின் அடர்த்தி இரு முனையிலும் ஒன்றாக இருக்காது. சட்டென்று சாய்ந்தால் கனமான அலகின் முகத்தை, விளிம்பைத் தொடாமல், நடு முகட்டில் மட்டும் மெலிதாக்குங்கள். ஒரு அலகு ஈரமாகவும் மற்றது காய்ந்தும் இருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

மொத்தமாகவே கனம் என்றால் எடை பாருங்கள். சிடாரில் செய்தது ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். அதைவிட ரொம்பக் கூட இருந்தால் நுனிப் பக்கத்தில் எடுங்கள், கைக்கு அதிகமாகத் தெரிவது நுனியின் கனம்தான். நடுப்பிடியில் எடுக்காதீர்கள், அங்கேதான் பலம் இருக்கிறது.

அறிகுறி: ரொம்ப வளைந்து கொடுக்கிறது

இரண்டு முனைகளையும் தாழ்வான தாங்கல்களில் வைத்து, நடுவில் இரு உள்ளங்கைகளாலும் மெதுவாக எடையை இறக்குங்கள். லேசாக வில் மாதிரி வளைந்து திரும்பினால் நல்லது. நறநறவென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் உடனே கையை எடுங்கள், அந்தத் துடுப்புக்கு விரிசல் பகுதிதான் பொருந்தும். சத்தமில்லாமல் நன்றாகத் தொய்ந்தால் நடுப்பிடியோ தோளோ மெலிந்துவிட்டது. அமைதியான நீரில் குறுகிய தூரம் போக அது உதவும், அலையடிக்கும் இடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். மேலே கண்ணாடி இழைத் துணியும் எபாக்சிப் பசையும் சுற்றிப் பலப்படுத்த முடியும், ஆனால் கனம் கூடும், பிடியின் வடிவமும் போகும். புதிதாக ஒன்று செதுக்குவது மேல்.

அறிகுறி: கை கொப்புளம், மணிக்கட்டு வலி, தோள் வலி

கொப்புளத்துக்கு முதல் சந்தேகம் வார்னிஷ். பளபளப்பான வார்னிஷ் ஈரத்தில் வழுக்கும், வழுக்குவதால் இறுக்கிப் பிடிப்பீர்கள், அப்புறம் தோல் போகும். நடுப்பிடியிலும் தோளிலும் வார்னிஷை உரித்துவிட்டு எண்ணெய் மட்டும் பூசுங்கள். கொப்புளம் ஒரே இடத்தில் வந்தால் அங்கே மரத்தில் ஒரு கோணல் இருக்கும், கண்ணை மூடித் தடவினால் தட்டுப்படும்.

நடுப்பிடி உருண்டையாக இருந்தால் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாது, மணிக்கட்டு ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும், வலி வரும். முட்டை வடிவத்தின் நீண்ட பக்கம் அலகின் அகலத்தோடு ஒரே திசையில் இருக்க வேண்டும். மரம் மிச்சம் இருந்தால் தட்டை முகப் பக்கம் கொஞ்சம் சீவினால் உருண்டை முட்டையாகிவிடும்.

உங்கள் தோள் வலித்தால் துடுப்பின் நீளம் அதிகமா என்று பாருங்கள். இரு நுனியிலும் சமமாக 1 செ.மீ. மட்டும் அறுத்து ஒரு வாரம் போட்டுப் பாருங்கள், தேவையென்றால் இன்னொரு 1 செ.மீ. கைகள் நெருக்கமாக இருந்து சங்கடம் என்றால் தோளை அலகுப் பக்கமாகத் தள்ளி நடுப்பிடியை நீட்டலாம், சுருக்கத்தான் முடியாது. துடுப்பை மாற்றியும் ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டாலோ விரல் மரத்துப்போனாலோ அது மரவேலை இல்லை, மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள்.

அறிகுறி: கோடு மாதிரி ஏதோ தெரிகிறது, விரிசலா?

ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். சுற்றிலும் காய்ந்த பிறகும் கோடு மட்டும் கருப்பாக நின்றால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அது விரிசல்.

*நுனியில், நாரோடு ஓடும் சிறு விரிசல்:* நன்றாகக் காயவிட்டு, லேசாக விரித்து, மெல்லிய எபாக்சியை உள்ளே ஓடவிட்டு கிளாம்ப் போடுங்கள். நுனி அடிக்கடி கல்லில் படும் என்றால் அடுத்த தடவை கடினமரப் பட்டை ஒன்றை நுனியில் ஒட்டிவிடுங்கள். கிரீன்லாந்தில் மரம் என்பது பெரும்பாலும் கடலில் மிதந்து வந்து ஒதுங்கிய கட்டை, கிடைப்பதற்கு அரிய பொருள். அதனால் அங்கே நுனியிலும் விளிம்பிலும் எலும்பு பதித்துக் காத்தார்கள். காரணம் இன்றைக்கும் அதேதான்.

*அலகின் நடுவில், முகத்தின் குறுக்கே சாய்ந்து ஓடும் விரிசல்:* ஒட்டி நம்பக் கூடாது. விரிசலுக்கு உட்புறம் போதிய நீளம் இருந்தால் இரு பக்கமும் சமமாக அறுத்துவிட்டு, தோளை மாற்றி, நடுப்பிடி சின்னதாக உள்ள குட்டைத் துடுப்பாக்கலாம். பலத்த காற்றில் பயன்படுத்தவும் மாற்றுத் துடுப்பாகப் படகின் மேல் கட்டிவைக்கவும் அந்த வகை பழையகாலத்திலிருந்தே உண்டு, கையை நகர்த்தி நகர்த்திப் போட வேண்டும்.

*நடுப்பிடியிலோ தோளிலோ விரிசல்:* அந்தத் துடுப்போடு தண்ணீருக்குப் போகாதீர்கள். சாய்வாக வெட்டி ஒட்டும் இணைப்பால் காப்பாற்ற முடியும், ஆனால் தடிமனைப் போல 8 மடங்கு நீளமாவது சாய்வு வேண்டும், 38 மி.மீ. தடிமனுக்கே 30 செ.மீ.க்கு மேல் வரும், இரண்டு முகங்களும் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். அதை மரப்படகு கட்டுபவரிடம் விடுங்கள். அவர் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டிய எந்தத் துடுப்பையும் முதலில் கால் எட்டும் ஆழத்தில், மிதவை அங்கியோடு, பக்கத்தில் மாற்றுத் துடுப்பு வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

அறிகுறி: எண்ணெய் பூசி நாள் கணக்காகியும் பிசுபிசுக்கிறது

கெட்டியாகப் பூசிவிட்டு மிச்சத்தைத் துடைக்கவில்லை. பச்சை ஆளி விதை எண்ணெயாக இருந்தால் காயவே வாரக்கணக்கில் ஆகும், காய்ச்சிய வகையோ டங் எண்ணெயோ சீக்கிரம் காயும். டர்பன்டைன் நனைத்த துணியால் பிசுபிசுப்பைத் தேய்த்தெடுத்து, காற்றோட்டத்தில் விட்டு, மறுபடி மிக மெல்லியதாகப் பூசி கால் மணி நேரத்தில் உலர்ந்த துணியால் முழுசாகத் துடைத்துவிடுங்கள். முதல் தடவை பூசும்போது நுனி வெட்டுமுகங்களுக்கு மட்டும் அது குடிக்கிற அளவு கொடுங்கள், ஈரம் ஏறும் வாசல் அதுதான்.

இதில் ஆபத்து துடைத்த துணியில் இருக்கிறது. இந்த எண்ணெய்கள் காயும்போது சூடாகும், கசக்கிக் குவித்த துணி நெருப்பு யாரும் வைக்காமலேயே தீப்பற்றும். வேலை முடிந்த உடனே துணிகளை வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமிழ்த்திவையுங்கள். மரத்தூள் கிடக்கும் பட்டறை மூலையில் ஒரு துணிகூடக் கிடக்கக் கூடாது.